சட்டைப்பையில் ஒரு சாண் கம்பி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் உன் அப்பாவின் போக்கு மூன்று வாரமாகச் சரியில்லை. ஷோகேஸில் இருந்த பித்தளை எஞ்சினைக் காணோம். இருபது வருட வேலைக்கு ஆலையில் கொடுத்தார்களே, சக்கரமும் புகைபோக்கியும் வைத்து, ஓடாத அந்த அலங்காரச் சாமான், அதுதான். துடைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றார். இந்த வீட்டில் துடைப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் என் இடுக்கியைக் காணோம், அப்புறம் பழைய குக்கர் ரப்பர். கேட்டால் காது கேட்காத மாதிரி பேப்பரைப் புரட்டுகிறார்.

பின்னறைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன், தப்புதான், திட்டாதே. எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்துத் தெருவில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் லேத்துக்காரரும் கூட்டு. சிலிண்டர் உள்ளே கெட்டிப் பித்தளையாம், அதைக் குடைந்து பிஸ்டன் போட்டு, செம்புக் குழாயில் கையளவு பாய்லர் செய்து, நிஜமாகவே நீராவியில் ஓட்டப் போகிறார்களாம். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் பாய்லர் என்ற பேச்சே கிடையாது. ஆலையில் அவர் பார்த்துக்கொண்ட பாய்லர் வெடித்து, பழுது பார்க்கும் பிட்டருக்கு முகம் வெந்து, அதிக நீராவியை வெளியே விடும் வால்வைக் கம்பியால் கட்டி வைத்தது உன் அப்பாதான் என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்களே. நான் கட்டவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நம்புகிறேன் என்றேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், முழுதாக நம்பவில்லை. நீராவி வெளியேறி வேலை சுணங்கினால் மேலதிகாரி கத்துவார், இவரோ பயந்த சுபாவம், கட்டியிருப்பாரோ என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

போன செவ்வாய் சட்டை துவைக்கும்போது பையில் ஒரு சாண் கட்டுக்கம்பி. பழைய புத்தி போகவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். கம்பியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்றிலிருந்து நிழல் மாதிரி பின்னால் திரிந்தேன். முதலில் பாய்லரில் பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தி, எங்காவது கசிகிறதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நெருப்பே இல்லாமல் இரண்டு நாள் இதே வேலை. வெறும் தண்ணீர் என்றால் பிளந்தாலும் ஆளைக் கொல்லாது என்று லேத்துக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. அதெல்லாம் சரி, கம்பி எங்கே என்றுதான் என் கண் தேடியது.

நேற்றுக் காலை முற்றத்தில் வைத்து ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். துணி காயப்போடுகிற சாக்கில் நானும் போய் நின்றேன். கம்பியை எடுத்தார். எடுத்து, ஆடிக்கொண்டிருந்த விளக்கைப் பலகையோடு சேர்த்துக் கட்டினார், அவ்வளவுதான். சக்கரம் தயங்கித் தயங்கி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் சுண்டைக்காய் அளவு வால்வு உஸ்ஸென்று திறந்துகொள்ள, சக்கரம் சோர்ந்தது. 'அண்ணே, அந்த வால்வைக் கொஞ்சம் இறுக்கி விடுங்க, சும்மா பறக்கும்' என்று லேத்துக்காரர் கையை நீட்டினார். உன் அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்ட வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். விளக்கை மூடி அணைத்துவிட்டு, 'ஓடலேன்னா ஓடாம போகட்டும், அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது' என்றார். எந்த அதிகாரி கத்தியிருந்தாலும் இந்த மனுஷன் வால்வைக் கட்டியிருக்க மாட்டார். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

குழந்தையை ஈரத் தலையோடு வெளியே விடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பாய்லர் வெடித்த அந்த வருடம்தான் நீ அவசர அவசரமாகத் தூர தேசத்து வேலைக்குப் போனாய், ஏன் என்று நான் கேட்டதில்லை. போன் செய்தால் என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அதையும் கேட்டதில்லை. உங்கள் மூவருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இந்த ஞாயிறு போன் மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். அவர்தான் எடுப்பார்.

இப்படிக்கு,
பன்னிரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தும் நம்பாமல் போன
உன் அம்மா