தோலுக்கடியில் தண்ணீர்

பெரியபட்டினம்
7.8.2025

மச்சானுக்கு ஜஸீலாவின் ஸலாம்.

நானும் பிள்ளை அம்ரீனும் சுகம். உங்கள் சுகத்தை உங்களிடம் கேட்பதா, உங்கள் மாஸ்டரிடம் கேட்பதா? ஆணழகன் போட்டி முடியும்வரை போனை அவர்தானே வாங்கி வைத்திருக்கிறார். அதனால்தான் சோற்றுப் பையில் கடிதம். சோறு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உள்ளே இருப்பது உப்பில்லாமல் அவித்த கோழி. பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நாளையிலிருந்து தண்ணீரும் கிடையாதாமே. நேற்று என்னிடம் பையை வாங்கும்போது கண்டக்டர் கூத்தையா அண்ணன் சொன்னார்: "ஒன் வீட்டுக்காரர ஸ்டாண்டுல பாத்தேம்மா. கன்னமெல்லாம் ஒட்டிப்போயி, காயப்போட்ட கருவாடு கணக்கா இருக்காப்ல." பஸ்ஸே சிரித்தது.

உங்களை அழகனாக்கப் போகிற மாஸ்டர் ஜாபர் சாதிக். அவர் வயிறு அவருக்கு முன்பே ராமநாதபுரம் போய்ச் சேர்ந்துவிடும். அவர் பேச்சைக் கேட்டுச் சாக வேண்டாம். தண்ணீர் குடியுங்கள்.

ஜஸீலா

ராமநாதபுரம்
8.8.2025

அன்பு ஜஸீலாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கோழி கிடைத்தது, கேலியும் கிடைத்தது.

உனக்குப் புரியாது. கொழுப்பெல்லாம் போய்விட்டது. தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கிற தண்ணீர்தான் பாக்கி. அது இறங்கினால்தான் மேடை விளக்கில் தசை கோடு கோடாகத் தெரியும். முதலில் மாஸ்டர் குடம் குடமாகக் குடிக்க வைத்தார், பிறகு குறைத்தார், இன்று நிறுத்திவிட்டார். நீர் பிரிய மாத்திரையும் தருகிறார். போன வருஷம் என்னை ஜெயித்த கடலாடி மாரீஸ்வரன் இன்னும் தண்ணீர் பாட்டிலும் கையுமாகத் திரிகிறானாம். "அவன் கெடக்கான், தண்ணிப் பூசணி" என்றார் மாஸ்டர். "ஒனக்கென்னலே? முப்பது நோன்பும் விடாத ஒடம்பு. தண்ணியில்லாம இருக்கது நம்மளுக்குப் பழக்கந்தானே?"

பட்டம் வந்தால் புது ஜிம்மை என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். உன் அண்ணன்களில் மூச்சிரைக்காமல் மாடி ஏறுகிறவர் யார்? இந்தப் பேச்சை அவர்களிடம் வைத்துக்கொள்.

நவ்ஷாத்

பெரியபட்டினம்
9.8.2025

மச்சானுக்கு,

என் அண்ணன்களுக்கு மூச்சு இருக்கிறது, அதனால் இரைக்கிறது.

நோன்பையா இழுக்கிறார் அந்த மனிதர்? நோன்பு திறக்கச் சூரியன் மறைந்ததும் மஃரிபில் பாங்கு சொல்வார்கள். உங்கள் மாஸ்டர் எப்போது சொல்வார்? நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ்வே விலக்குக் கொடுத்திருக்கிறான். ஜாபர் சாதிக் கொடுக்கமாட்டாராம். நீர் மாத்திரை விழுங்கிக்கொண்டு எந்த ஊரில் நோன்பு வைக்கிறார்கள்?

நேற்றுப் பையை வாங்கும்போது உங்கள் விரல் மடங்கியது விரியவே இல்லையாம். கூத்தையா அண்ணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. நாளை போட்டிக்கு நான் வரமாட்டேன். என் பிள்ளையின் வாப்பா விழுவதைக் கைதட்டிப் பார்க்க என்னால் முடியாது.

ஜஸீலா

பெரியபட்டினம்
12.8.2025

மச்சானுக்கு,

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டு மாமா வந்து எல்லாம் சொன்னார்கள். இரண்டாவது போஸிலேயே கால் இழுத்து விழுந்தீர்களாம். ஓடிவந்து தூக்கியது மாரீஸ்வரனாம். மாஸ்டர் அப்போது நடுவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாராம்.

அவர் பேஸ்புக்கில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஒழுக்கமில்லாமல் நீங்கள் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்துவிட்டீர்களாம், அதனால்தான் தோல்வியாம். ஊர் நம்புகிறது. நான் நம்பவில்லை. குடித்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

விழுந்ததற்கு நான் ஓடி வந்திருப்பேன். ஆனால் மாமா இன்னொன்றும் சொன்னார்கள். அடுத்த போட்டிக்குள் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும் என்று டிரிப்ஸைக் கழற்றச் சொல்லி நர்சோடு சண்டை போட்டீர்களாமே. இதற்கு வரமாட்டேன். பிள்ளையோடு பாம்பனில் உம்மா வீட்டுக்குப் போகிறேன். கோழியை இனி உங்கள் மாஸ்டர் அவிக்கட்டும்.

ஜஸீலா

ராமநாதபுரம், ஆஸ்பத்திரி
14.8.2025

ஜஸீலா,

டிரிப்ஸை டாக்டரே நிறுத்திவிட்டார். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, ஏற்றியது வெளியே போகவில்லை. தேறும் என்கிறார், நாளாகுமாம்.

இன்று மாஸ்டர் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கி, வீங்கிய காலை விரலால் அமுக்கினார். குழி விழுந்தது. "ஏலே, வாட்டர் ஏறிருச்சேலே!" என்றார். நர்ஸ் மாலதி கேட்டார்: "மேடைக்குப் பூசுற எண்ணெயக் கொண்டாந்திருக்கீகளா? பூசிவிட்ருவோம்." வார்டே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமல்.

"நான் குடிச்சேன்னு போட்டிருக்கீகளே மாஸ்டர்?" என்றேன்.

"பின்ன, என் மெத்தடு தப்புன்னா போடச் சொல்ற? புது ஆளுக சேருற நேரம்லே."

எட்டு வருஷம் இவர் முன்னால் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. "போனக் குடுத்துட்டுப் போங்க" என்றேன். "நன்றி கெட்ட நாயே" என்று போனை மெத்தையில் போட்டுவிட்டுப் போனார். அழைத்தால் நீ எடுக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

இப்போது எனக்கு அப்படியொரு தாகம். கிடைப்பது டாக்டர் அளந்து கொடுப்பதுதான், ஒரு நாளைக்கு அரை லிட்டர். இன்றைய பங்கைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டேன்.

நாளைய பங்கை நீ வந்து உன் கையால் கொடு.

நவ்ஷாத்