அது மைனா இல்லை

ஆனேக்கல்
8-2-1999

தியோடர் அவர்களுக்கு,

நோரா எழுதுகிறேன். நலம். நீங்களும் நலம்தானே? கிறிஸ்துமஸ் கார்டில் வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் பக்கத்து வீட்டு டொமினிக்கின் போனில் கூப்பிட்டால் நாம் பேசுவது தெரு முழுக்கக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் வேலியோரம் கல்யாண முருங்கை பூத்திருக்கிறது. ஒரு வாரமாக அதில் பெயர் தெரியாத பறவைகள் வந்து அடைகின்றன. பழுப்பு உடம்பு, மஞ்சள் அலகு, நெற்றியிலும் கன்னத்திலும் மஞ்சள். பூவுக்குப் பூ ஒரே சண்டை. சாயங்காலம் எல்லாம் சேர்ந்து எழும்பினால் வானத்தில் புகை சுருளுகிற மாதிரி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் முனியப்பனைக் கேட்டேன். "யாருக்கும்மா தெரியும்? பனிக்கு வருது, வெயில் ஏறுனா போயிடுது" என்கிறார். பைனாகுலரும் பறவைப் புத்தகமுமாக அலைகிற உங்களை விட்டால் நான் யாரைக் கேட்பது?

இன்னொரு விஷயம். நான் இங்கே மாற்றலாகி வந்து இரண்டு வருடம் முடியப்போகிறது. திரும்ப பெங்களூருக்கு வருகிறேனா, இங்கேயே நிரந்தரமாக இருக்கிறேனா என்று மார்ச் முடிவதற்குள் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நோரா

ஜோகுபாளையம்
14-2-1999

அன்புள்ள நோராவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோனேன். உனக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று பிரிக்கவே தைரியம் வரவில்லை. பறவை சமாசாரம் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பழுப்பு உடம்பு, மஞ்சள் அலகு, முகத்தில் மஞ்சள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மைனாதான். பூவில் தேன் குடிக்கும், சண்டை போடும், சாயங்காலம் கூட்டமாகப் போய் ஒரே மரத்தில் அடையும். புத்தகத்தைத் திறக்கும் வேலையே எனக்கு வைக்கவில்லை நீ.

அடுகோடி ஒர்க்ஷாப்பில் ஓவர்டைம் ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கிறேன். போன வாரம் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. உன்னிடம் காட்டலாம் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன், பழக்கதோஷம். சமையல் நானேதான். சாதம் இன்னும் குழைகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தியோடர்

ஆனேக்கல்
19-2-1999

தியோடர் அவர்களுக்கு,

மைனாவாம் மைனா! ஜோகுபாளையத்து ஜன்னலில் ஏழு வருடம் மைனாவுக்குச் சோறு வைத்தவள் நான். எனக்கு மைனா தெரியாதா? மைனா பறந்தால் இறக்கையில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இதற்கு அது இல்லை. மைனாவுக்குக் கால் மஞ்சள். இதற்கு வெளிறிய ரோஸ். மைனா ஜோடி ஜோடியாக உலாத்தும். இவை ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்புகின்றன.

பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது உங்களுக்குப் புதிதா என்ன? தலைவலி என்று நான் வாயைத் திறப்பதற்குள் "தூக்கம் பத்தல" என்பீர்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் "பசி" என்பீர்கள். எனக்கு என்னவென்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டதுண்டா?

மைனாவுக்கு ஒரு பத்தி, நீர்க்காகத்துக்கு அரைப் பத்தி. மார்ச் விஷயத்துக்கு ஒரு வரி இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். இருந்தாலும் சாதத்துக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

நோரா

ஜோகுபாளையம்
27-2-1999

அன்புள்ள நோரா,

திட்டு வாங்கி நாளாயிற்று. வீடே கொஞ்சம் கலகலப்பான மாதிரி இருந்தது. நீ சொல்வது சரி, அது மைனா இல்லை. ஆனால் என்ன பறவை என்று பிடிபடவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி மண்டை காய்கிறது. முகத்தில் மஞ்சளோடு நீ சொல்கிற மாதிரி ஒரு பறவையும் அதில் இல்லை. அந்த மஞ்சள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறதா? காலையிலும் சாயங்காலத்திலும் பார். தலையில் கொண்டை உண்டா? நிதானமாகப் பார்த்து எழுது, அவசரமில்லை. நீ எழுதுவதைப் படிக்க நன்றாக இருக்கிறது.

மாற்றல் விஷயம் எனக்கு மறக்கவில்லை. நான் என்ன சொல்ல? உனக்கு அங்கே நல்ல பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நான் குறுக்கே நிற்க மாட்டேன். உன் இஷ்டம்.

தியோடர்

ஆனேக்கல்
8-3-1999

அன்புள்ள தியோ,

மஞ்சள் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றுக்கு நெற்றியில், ஒன்றுக்குத் தாடை வரைக்கும். விடியற்காலையில் பூவுக்கு வருவதற்கு முன்னால் பார்த்தேன். ஒன்றுக்கும் மஞ்சளே இல்லை! கூட்டத்தில் நாலைந்து பறவைகளுக்கு இப்போது உடம்பு ரோஸ் நிறமாகி, தலையும் இறக்கையும் கறுத்திருக்கின்றன. அவற்றுக்குக் கொண்டையும் இருக்கிறது. இதற்கு மேல் என்னால் எழுத்தில் காட்ட முடியாது. நீங்களே வந்து பாருங்கள்.

21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். லெந்து நோன்பு நாள், கறி கிடையாது. எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்பு வைக்கிறேன். இங்கே என்னோடு வேலை செய்கிற ஆயா சந்திரம்மா தினம் கேட்கிறாள், "சிஸ்டரே, உங்க யஜமானரு எப்பத்தான் வருவாரு?" என்று. நானும் தினம் ஏதோ சொல்லி மழுப்புகிறேன்.

தியோ, இரண்டு வருடத்துக்கு முன்னால் மாற்றல் உத்தரவு வந்தபோதும் "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னீர்கள். போகாதே என்று சொல்லியிருந்தால் அங்கேயே பெட்டியை இறக்கி வைத்திருப்பேன். வேலைக்கு என்ன வழி என்று இரண்டு பேரும் யோசித்திருக்கலாம். இப்போதும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். வா என்று கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன். வெட்கத்தை விட்டு எழுதியிருக்கிறேன்.

நோரா

ஜோகுபாளையம்
22-3-1999

அன்புள்ள நோரா,

உன் கடிதத்தைப் படித்ததுமே புத்தகத்தில் அகப்பட்டுவிட்டது. ஆனால் பார்க்காமல் சொல்லக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். நேற்று நேரிலேயே பார்த்துவிட்டேன். சூறைக்குருவி, நோரா! சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். இமயமலைக்கும் அந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே பனிக்காலம் கழிக்க வருகிறது. பெரிய பறவைக்குத்தான் ரோஸ் உடம்பு. நீ பார்த்த பழுப்பெல்லாம் போன கோடையில் பிறந்த குஞ்சுகள். முகத்து மஞ்சள் மகரந்தம். பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்ததில் ஒட்டியது. அதை நம்பித்தான் நான் மைனா என்றேன்.

ஆமாம், வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலைப் புளியமரத்தடியில் நின்று பைனாகுலரில் கல்யாண முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே திருப்பியபோது நீ தெரிந்தாய். வாசலில் சந்திரம்மாவாகத்தான் இருக்க வேண்டும், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் வந்து நின்றால் அந்தச் சிரிப்பு போய்விடுமோ என்று பயமாக இருந்தது. திரும்பி வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய். அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட்டு வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீ இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று எழுதினால் நீ இரக்கப்படுவாய். அதனால் எழுதவில்லை.

தியோடர்

ஆனேக்கல்
5-4-1999

என் அன்புள்ள தியோ,

நேற்று ஈஸ்டர். விடியற்கால ஆராதனைக்கு இங்கிருந்து பஸ் இல்லை. வீட்டிலேயே வேதாகமம் வாசித்துவிட்டு, தனியாகச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே நான் வாசலில்தான் நின்றேன். எத்தனை பஸ் வந்து போயிற்று! சந்திரம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "இதுல வருவாரு சிஸ்டரே, இதுல வருவாரு" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் இறங்கியதை நான் பார்த்தேன். வந்ததும் வராததுமாகப் புளியமரத்தில் சாய்ந்துகொண்டு பைனாகுலரைக் கண்ணில் வைத்ததையும் பார்த்தேன். "பாரு சந்திரம்மா, பெண்டாட்டியைப் பார்க்க வந்த மனுஷன் முதலில் குருவியைப் பார்க்கிறதை" என்று சொல்லித்தான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றுதான் சிரித்தேன், தியோ. கண்ணைத் துடைத்ததும் அதற்குத்தான்.

கூப்பிட்டிருக்கலாம். நீங்களாக நடந்து வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இலை போடச் சொல்லிச் சந்திரம்மாவை உள்ளே அனுப்பினேன். அதற்குள் பஸ் போய்விட்டது. குழம்பை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகும் மாதக் கடைசி வரைக்கும் இன்னொன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் மேல் கோபத்தில் செய்யவில்லை. இனிமேல் மாற்ற முடியாது.

கல்யாண முருங்கை பூ உதிர்ந்து காய் வைத்துவிட்டது. பறவைகள் போன வியாழக்கிழமையே போய்விட்டன. வேலிப் பக்கம் பார்க்க இப்போது ஒன்றுமே இல்லை. இனி நீங்கள் இந்த ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்கத்தான் வரவேண்டியிருக்கும்.

உங்கள்
நோரா