செருப்புத் துண்டின் மேல் எஞ்சின்

மார்ச் 3
இன்றும் எஞ்சின் பெட்டிக்கு அடியில் தண்ணீர். வாளி வாளியாக இறைத்தேன். வேகம் கொடுத்தால் பயணிகள் உட்காரும் பலகை வரை அதிர்கிறது. “என்னக்கா, படகுக்குக் குளிர் ஜுரமா?” என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்காரர் படகு மெக்கானிக் என்று பெயர்!

மார்ச் 4
சவாரி முடிந்ததும் பெட்டியைத் திறந்து, டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்த்தேன். எஞ்சினின் ஒரு கால் அடிக்கட்டையில் படியவே இல்லை. இடைவெளியில் செருகியிருப்பது ரப்பர் செருப்புத் துண்டு. அதுவும் என் செருப்பு. தேடித் தேடிக் கிடைக்காமல் போன நீலச் செருப்பு! கட்டையை ஊடுருவி போல்ட் போட்டு, அடியில் நட்டு முறுக்க வேண்டிய இடத்தில் வெறும் மர ஸ்க்ரூ. கையால் அசைத்தாலே ஆடுகிறது. எஞ்சின் கோணலாக உட்கார்ந்தால் தண்ணீருக்கடியில் சுழலும் விசிறிக்குப் போகிற தண்டும் கோணல்தான். தண்டு வெளியேறும் துளை வழியாகத் தண்ணீர் வராமல் என்ன செய்யும்?

ஊரார் படகுக்கெல்லாம் இரும்புத் தகடு வெட்டி, படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தண்டு நேராக இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக் கொடுக்கிற மனுஷன். என் படகுக்குச் செருப்பு.

மார்ச் 5
கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “தற்காலிகமாத்தான் வெச்சேன்,” என்றார்.

“நாலு மாசமா தற்காலிகமா?”

“வெளி வேலை குவிஞ்சு கிடக்கு. நம்ம படகுதானே, மெதுவா பாத்துக்கலாம்.”

நம்ம படகாம். ஓட்டுறது யாரு? நடு ஆத்துல தண்டு கழண்டுக்கிட்டா அத்தனை பேரோட தத்தளிக்கிறது யாரு — இவரா? வாயில் வந்ததை எல்லாம் எழுதினால் தாள் கிழியும்.

மார்ச் 6
சவாரி கிடையாது என்று படகைக் கட்டிப்போட்டேன். “ஒண்ணும் ஆகாது, எடு,” என்றார்.

“எடுக்குறேன். முதல் சவாரிக்கு உங்க அம்மாவ எஞ்சின் பெட்டி மேல உக்கார வைங்க.”

விறுவிறுவென்று பட்டறைக்குப் போய்விட்டார்.

மார்ச் 8
எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, தகடு வைத்து, நீள போல்ட்டுகளால் இறுக்கியாயிற்று. தண்டு நேராக இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி அளந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. அதனால்தான் வயிறு எரிகிறது. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துத் தொலைக்கலாம். அம்மா என்றதும் கை தானாக வேலை செய்கிறதே! இத்தனை நாளும் அந்தப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தது நான்.

மார்ச் 9
அத்தை முதல் சவாரிக்கு வந்து பெட்டி மேல் ஜம்மென்று உட்கார்ந்தார். அதிர்வே இல்லை. கரையில் மகன் பெருமையாக நின்றார். நான் சொன்னது அத்தையின் காதுக்கும் எட்டியிருக்கிறது. என் பக்கம் குனிந்து, “இனிமே எது ஆகணும்னாலும் என் பேரச் சொல்லிடும்மா,” என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். சிரித்து வைத்தேன். என் பேருக்கு ஒரு போல்ட்டுகூட நகராதா?

மார்ச் 20
சுக்கான் கம்பி தளர்ந்திருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை, அத்தை பேரையும் இழுக்கவில்லை. அக்கரை மெக்கானிக்கை நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். இவருடைய பட்டறை வாசலைத் தாண்டித்தான் அவர் வர வேண்டும்.