நம்ம ஊரு உயரம்

ஞாயிறு இரவு. வத்தலக்குண்டு லாட்ஜ்.

சொந்த ஊரின் அடிவாரத்தில் வாடகைக்கு அறை எடுத்துப் படுத்திருக்கிறேன்.

ஒரு வாரம் தூத்துக்குடிக் கடலில் நண்பர்களோடு படகிலேயே தங்கி, காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு முங்கினோம். இன்று காலை கடைசி முங்கல். கரையேறும்போது பயிற்சியாளர் எல்லோரிடமும் சொன்னார்: "நாளைக்கு வரைக்கும் பிளேன்ல ஏறாதீங்க, மலைக்கும் போகாதீங்க. ரத்தத்துல ஏறுன காத்து முழுசா வெளிய போகணும்." நானும் என் ஊர்க்காரன் சலீமும் தலையாட்டினோம்.

இங்கே காபி குடிக்க இறங்கியபோதுதான் எங்கள் கொடைக்கானலும் மலைதான் என்று எனக்கு உறைத்தது. சலீம் சிரித்தான். "ஏலே, அவரு சொன்னது இமயமலைய. நாம வீட்டுக்குல்ல போறோம்." காலையில் வெள்ளனே கடை திறக்கணும் என்று கொடைக்கானல் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

சற்றுமுன் அவன் மனைவி நூர்ஜஹான் கூப்பிட்டாள். "அண்ணே, வந்ததுலருந்து தோளு வலிக்குதுன்னு சுருண்டு கெடக்காரு. தைலம் தேச்சும் கேக்கல. ஆமா, நீங்க ஏன் கீழயே தங்கிட்டீங்க?"

பயிற்சியாளர் சொன்னதை அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவள் அப்போதே பக்கத்து வீட்டு ஜீப்புக்காரரை எழுப்பப் போய்விட்டாள். பயிற்சியாளரையும் கூப்பிட்டேன். உடனே கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்கள் என்றார்.

இப்போது ஜீப்பிலிருந்து சலீமே பேசினான். "இறங்க இறங்க வலி விடுதுலே."

பிறகு கேட்டான்: "நம்ம ஊரு அம்புட்டு உசரமாலே?"

ஜீப் இந்த வழியாகத்தான் வரும். ரோட்டில் போய் நிற்க வேண்டும்.