வரி முடிக்கும் குறி

அன்று சனத்நகர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நீ, நான், என் மகன் முரளி, உனக்கும் அவனுக்கும் ஆபீஸில் மேலதிகாரியான சலீம். இன்று காலை உன் துப்பட்டாக்களை வெயிலில் போட எடுத்தேன். சலீம் அன்று கொண்டுவந்த காகிதம் அதற்குள்ளிருந்து விழுந்தது. வரியே பிரியாமல், சர்க்கரை டப்பாவை மொய்த்த எறும்பு மாதிரி எழுத்து.

மருமகளே, எனக்கு ஆபீஸ் கதை சொன்ன ஒரே ஆள் நீதான். சமையலறைத் தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்காக எழுதிய ஜாவா புரோகிராமைக் காட்டினாய். அங்கே மெஷினில் நடப்பதையெல்லாம் அது வரிவரியாகக் குறித்து வைக்குமாம். நடுவில் தள்ளுபடிப் பலகையில் வரும் சதவீதக் குறி, பக்கத்தில் குட்டியாக ஓர் ஆங்கில எழுத்து. இது எதற்கு என்றேன்.

"சாப்பிட்டதும் நாம இலையை நம்ம பக்கம் மடிக்கிறோம், சில வீட்டுல எதிர்ப்பக்கம் மடிப்பாங்கல்ல அத்தை? வரியை முடிக்கிறதும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அப்படித்தான். இதைப் போட்டா, போற வீட்டு வழக்கப்படி மடிச்சுக்கும்."

மறுநாள் நீ குளிக்கப் போனபோது முரளி அந்தக் குறியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டான்.

"அவ போட்டதை நீ ஏண்டா தொடுற?"

"என் மெஷின்ல இதுவே சரியா வருதும்மா. உனக்கு என்ன தெரியும்?"

தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் சரியாக வரவில்லை. வரிகளெல்லாம் ஒன்றாய் ஒட்டிக்கொண்டன. எந்த மெஷின் எப்போது நின்றது என்று படிக்க முடியாமல் ஒரு நாள் மருந்து முழுவதையும் கொட்டினார்களாம்.

"சாரி நக்கோ, வேணாம் மேடம்," என்றார் காகிதத்தோடு நம் கூடத்துக்கு வந்த சலீம் உன்னிடம், அவருடைய அரைத் தமிழில். "யாரு மாத்தினது? அது மட்டும் சொல்லுங்க."

முரளி தரையைப் பார்த்தான். அந்த மாதம் அவனுக்குப் பதவி உயர்வு வரவிருந்தது. நான் வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்தினாய்.

"நான்தான் சார்."

உன் வேலை போனது. பிறகு நீ லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. காய்ச்சல் வந்து நீ போயும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. "இன்னிக்கு என்ன கூத்து தெரியுமா அத்தை?" என்று ஆரம்பிப்பாயே, அந்தக் குரலுக்காக, வேலை முடிந்த பிறகும் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

சலீமை மன்னித்துவிட்டேன், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். வாயை மூடிக்கொண்ட என்னையும் மன்னித்துவிட்டேன்; அது நீ கேட்டுக்கொண்டது. அவன் தினமும் என் மாத்திரையை எடுத்துத் தருகிறான், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மன்னிக்க மாட்டேன், நான் பெற்ற முரளியை.