சோம்பேறியின் கிளை

மார்ச் 4
கழிவுநீர் நிலையத்தின் மூடிய தொட்டியிலிருந்து எடுத்து வந்த சேற்றில் நாற்பது நாளாகத் தேடுகிறேன். இன்று ஒன்று நகர்ந்தது. ஒற்றைச் செல். வால் மாதிரி ஓர் இழை. அதை ஆட்டவும் அதற்கு மனமில்லை. சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டேன். காற்றுப் பட்டால் செத்துப்போகும், ஆகவே மூடிய பாட்டிலில்தான் குடித்தனம்.

வீட்டில் சொன்னேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "நாப்பது நாள் சேத்தைக் கிளறினதுக்கு ஒரு சோம்பேறியா?" என்றார்.

மார்ச் 19
மரக்காரர் கூப்பிட்டார். மரபணுக்களை ஒப்பிட்டு உயிர்களின் குடும்ப மரம் வரைவது எங்கள் துறையில் அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். திரையில் அடிமரத்துக்கு அருகே விரலை வைத்தார்.

"இங்க பாருங்க மேடம். செடி, காளான், நாம, யாரும் பிரியறதுக்கு முன்னாடியே இது தனியாப் போயிருக்கு."

உட்கரு உள்ள செல்களிலேயே முதலில் பிரிந்த கிளை. என் சோம்பேறியா? துறைத் தலைவரும் வந்து பார்த்தார். மே மாதக் கருத்தரங்கில் நான் பேசுவதாக முடிவாயிற்று. 'ஆதிச் செல்' என்று தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார்.

மார்ச் 20
ஒரு வேலையும் ஓடவில்லை. இளித்துக்கொண்டே திரிந்தேன்.

ஏப்ரல் 7
சோம்பேறியோடு ஒரு பாக்டீரியாவும் எப்போதும் வளர்கிறது. அதை ஒழிக்கலாம் என்று ஆன்டிபயாடிக் விட்டேன். பாக்டீரியா ஒழிந்தது. மூன்றாம் நாள் சோம்பேறிகளும் ஒழிந்தன. நல்லவேளை, மருந்து விடாமல் ஒரு பாட்டிலை ஓரமாக வைத்திருந்தேன்.

அந்த மருந்து பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். பிறகு இவை ஏன் செத்தன?

ஏப்ரல் 15
சில நாளாக மனதில் ஓர் அரிப்பு. இதன் மரபணுக்கள் மிக வேகமாக மாறியவை. அப்படி மாறியவற்றை மரம் தவறாக அடிக்குத் தள்ளிவிடுவதுண்டு. எங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். சந்தோஷத்தில் கண்டுகொள்ளவில்லை.

"ஆளே அடையாளம் தெரியாம மாறிட்டா, சொந்தக்காரனையும் வேத்தாள்னு நினைச்சுடுவோம்ல, அந்தக் கதைதான்," என்றார் மரக்காரர். வேகமாக மாறிய பகுதிகளை நீக்கிவிட்டு மறுபடி வரையச் சொன்னேன். நான்கு மணிக்கு வந்தது. சோம்பேறி விறுவிறுவென்று மேலே ஏறி, சாதாரணக் குளத்துச் செல் ஒன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. இருந்ததையெல்லாம் இழந்து எளிதாகிப்போன ஒன்று, அவ்வளவுதான்.

ஏப்ரல் 16
தலைவரிடம் சொன்னேன்.

"வெளிய யாருக்கும் தெரியாதே. கருத்தரங்கு முடியட்டுமே," என்றார்.

"தப்புன்னு தெரிஞ்சதை மேடையில நின்னு சொல்ல முடியாது சார்."

"ஒரு மாசமா பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கேன். முகத்தை எங்க வெச்சுக்கிறது?"

படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். நான் என்ன கொலைக்குத்தமா பண்ணிட்டேன்? நானும்தானே ஆசைப்பட்டேன். அக்காகிட்ட, பக்கத்து வீட்லன்னு நானும்தானே தம்பட்டம் அடிச்சேன். அவருக்கு மட்டுந்தான் வலிக்குமா —

வீட்டில் இவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பழுதை நீயே கண்டுபிடிச்சுட்டேல்ல. ஆள் ஏறினப்புறம் லிஃப்ட் நின்னாத்தான் அசிங்கம்."

அதற்கப்புறம்தான் சாப்பாடு இறங்கியது.

மே 9
பேசிவிட்டேன். தவறான மரம், சரியான மரம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். தலைவர் வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "எங்ககிட்டயும் ஒரு ஆதி இருக்கு. நாளைக்கே திருப்பி வரைஞ்சு பார்க்கணும்," என்றார். அரங்கமே சிரித்தது. பாக்டீரியா செத்தால் இது ஏன் சாகிறது என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றேன். அந்தச் சொல் இவ்வளவு லேசாக என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

மே 27
சாயம் ஏற்றிப் பார்த்தேன். அந்த பாக்டீரியா செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றிலும். செல் இரண்டாகும்போது ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஜூன் 18
உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் மரபணுக்களை மரக்காரர் எண்ணி முடித்தார். வெளியே திரியும் அதன் உறவுகளிடம் இருப்பதில் பாதிகூட இல்லை. தனியாக வாழத் தேவையானதை உதறிவிட்டது. அது இல்லாமல் சோம்பேறியாலும் வாழ முடியாது என்பதை ஏப்ரலிலேயே பார்த்தாயிற்று. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் இப்படி உள்ளே வந்த பாக்டீரியாதான். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

பதினொரு மணிக்குத் தலைவர் வந்தார். நேராக நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப உள்ள வந்திருக்கும்?"

"கணக்குப் போட்டுட்டிருக்கோம் சார். ரொம்பப் பழசில்லை. மைட்டோகாண்ட்ரியா மாதிரி இன்னும் முழுசா உள்ள வந்து முடியலை."

கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.