வாசலுக்குப் போன வாழை

அக்கா,

இன்று காலை அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். விரலில் ஏறிய அந்தப் பச்சை வாசனை கழுவியும் போகவில்லை. ஒரு வருடம் முழுக்க உன் கைகளில் இருந்த வாசனை அது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

தாலி அறுத்து நீ கோம்பையில் நம் வீட்டுக்குத் திரும்பி வந்தது ஓர் ஆடி மாதம். உனக்கு இருபத்து மூன்று வயது, எனக்குப் பதினாறு. "வாசப் பக்கம் வராத தாயி, ஊரு வாய் பொல்லாதது" என்றார் அண்ணன். அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். நீ கடப்பாரையை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாய்.

கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டத்துக்கும் நடுவே நாலு கட்டில் போடுகிற அளவு இடம். கல்லும் நெருஞ்சியும்தான் கிடந்தன. பத்து நாள் கல் பொறுக்கினாய். அவரை, கத்தரி, புடலை, பூசணி போட்டாய். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் மூலையில் ஒரு வாழைக்கன்று வைத்தாய். காலையில் கத்தரி இலைமேல் அடுப்புச் சாம்பல் தூவுவாய். புடலம்பிஞ்சின் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவாய். நான் சிரித்தால், "இதாவது நேரா வளரட்டும்டி" என்பாய்.

யுத்த காலம் அது. அரிசி கண்ணில் படுவதே அரிது. சோளக் கஞ்சிக்கும் கேழ்வரகுக் களிக்கும் உன் தோட்டம்தான் தொட்டுக்கொள்ளக் கொடுத்தது. அண்ணன் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார். அவருக்குக் காய் ஆகும்; காய்க்க வைத்தவள் முகம்தான் ஆகாது.

மறு வருடம் ஆவணியில் அவருக்குக் கல்யாணம், நம் வீட்டிலேயே. பூசணிகள் பந்திக்குப் போயின. கல்யாணத்தன்று காலையில் அண்ணன் அரிவாளோடு வந்தார். தார் தள்ளி நின்ற உன் வாழையை வெட்டி வாசல் பந்தலில் கட்டினார்.

அந்த வருடத்தில் அன்றுதான் நீ வாய்விட்டு ஒன்று கேட்டாய். "அண்ணே, மரத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தார்.

"சம்பந்தகாரக வந்துட்டாக. நல்ல காரியத்துல நீ எதுக்க நின்னா என்ன நெனப்பாக? அங்கனயே இரு ஆத்தா" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "பொழக்கடக் கதவப் போட்டுட்டு வாடி."

போட்டேன். தாழ்ப்பாளும் போட்டேன். நீ தட்டவில்லை.

பந்தி முடிந்து நான் கதவைத் திறந்தபோது தோட்டம் இல்லை. ஒரு செடி விடாமல் வேரோடு பிடுங்கி மாடுகளுக்குப் போட்டிருந்தாய். உள்ளங்கை இரண்டிலும் ரத்தம்.

"காய்க்கிற செடியப் பிடுங்க எப்படிடி மனசு வந்துச்சு?" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு வந்தாப்புலதான்" என்றாய்.

மார்கழியில் உனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மருந்தை நீ வாயிலேயே வாங்காமல் போய்ச் சேர்ந்தாய். அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன், "கைராசிக்காரி, கல்லுலயும் காய்க்க வச்சா" என்று சொல்லி அழுதார். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போடத் தோன்றியது. ஆனால் கதவைச் சாத்தியது என் கைதானே?

போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. புருஷனைப் பறிகொடுத்த என் நாத்தனாரை மாமியார் உள்ளே போகச் சொன்னார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆசாரி காத்துக் கெடக்காரு, எந்திரி" என்றார் மாமியார்.

"மதினி முன்னால உக்காந்தாத்தான் புள்ள வரும்."

நல்ல நேரம் போகிறதென்று மாமனார் கத்தினார். நான் அசையவில்லை. கடைசியில் அவள் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது, அவளும் அழுதாள்.

உனக்குச் செய்த பரிகாரம் என்று இதை நினைத்துவிடாதே அக்கா. ஊர் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறது. சொல்லட்டும். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டால் நானும் அவர்களில் ஒருத்தியாகிவிடுவேன்.